டெய்சி பிளாக்கின் பச்சை ரிப்பன்

ஜனவரி 20, ஞாயிறு

இந்த டைரி எனக்கு ஓசியில் வந்தது. ஏழாம் வகுப்பு ரூபாவதியின் அப்பா சங்கரன்கோவிலில் உரக்கடை வைத்திருக்கிறார். வருஷா வருஷம் போர்டிங் வார்டன்களுக்கு ஆளுக்கொரு டைரி தருவார். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் விவசாயப் பெருமக்களுக்கு ஒரு குறிப்பு இருக்கும். நான் இதுவரை பால் கணக்குக்கு மேல் எதையும் இதில் எழுதியதில்லை. இன்று எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் இன்றைய குறிப்பு: 'களையை முளையிலேயே கண்டுகொள்க.'

களை இன்று காலை ஆட்டோவில் வந்து இறங்கியது. பெயர் பூங்கொடி. ஊர் கோபிச்செட்டிபாளையம். டெய்சி பிளாக்கின் புது வார்டன். மார்த்தாள் மிஸ் பொங்கலோடு ரிட்டையர் ஆனதால் அந்த இடத்துக்கு வந்திருக்கிறாள். முப்பத்தைந்து வயது இருக்கும். இடுப்புக்குக் கீழே தொங்கும் முடி. நாற்பத்தெட்டு வயதில் எலிவால் அளவுக்கு முடி வைத்திருக்கும் என்னைப் பார்த்து, "வணக்கமுங்க்கா, நீங்கதான் லில்லி பிளாக் வயலட் அக்காவுங்களா?" என்றாள். வந்து இறங்கின நிமிஷத்திலேயே என்னை அக்காவாக்கிவிட்டாள். பரவாயில்லை, பாட்டி என்று சொல்லவில்லை.

என் மகள் பெனிட்டா டெய்சி பிளாக்கில்தான் இருக்கிறாள். எட்டாம் வகுப்பு. இங்கே ஒரு சட்டம் உண்டு: வார்டன் பிள்ளை எட்டாம் வகுப்பு முடியும்வரை அம்மாவின் பிளாக்கில் தங்கக் கூடாது, காம்பவுண்டுக்குள் அம்மாவை 'மிஸ்' என்றுதான் கூப்பிட வேண்டும். சலுகை காட்டிவிடுவோமாம். மூன்று வருஷமாக நானும் அவளும் இந்தச் சட்டத்தை மதித்து வருகிறோம், ஞாயிற்றுக்கிழமை ஒரு பத்து நிமிஷம் தவிர.

ஞாயிறு என்றால் பிள்ளைகளுக்கு எண்ணெய்க் குளியல், அந்தந்த வார்டன் தலை பின்னிவிடுவாள். மார்த்தாள் மிஸ்ஸுக்குக் கண் புரை. அவள் பின்னினால் கிணற்றுக் கயிறு மாதிரி இருக்கும். அதனால் சர்ச் முடிந்து சாப்பாட்டு மணி அடிப்பதற்குள் பெனி துணி காயப்போடும் கொடிகளுக்குப் பின்னால் வந்துவிடுவாள். போர்வைகளின் மறைவில் அதை அவிழ்த்து நான் ஒழுங்காகப் பின்னிவிடுவேன். இறுக்கமாக, மடித்து, பச்சை ரிப்பன் வைத்து. டெய்சிக்குப் பச்சை. என் லில்லிக்கு நீலம்.

இந்தப் பச்சையும் மார்ச் வரைக்கும்தான். எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் அடுத்த வருஷத்துக்கு எந்த பிளாக் என்று ரிப்பன் ஞாயிறு அன்று அவர்களே தேர்ந்தெடுக்கலாம். வார்டன் பிள்ளைக்கும் அன்றோடு தடை நீங்கிவிடும். என் அறைக்குப் பக்கத்தில், சன்னலோரம் இருக்கும் கட்டிலை இப்போதே பார்த்து வைத்துவிட்டேன். அதன் மேல் ஏறிக் குதித்துக்கூடப் பார்த்தேன். கிறீச்சென்று சத்தம். கால் ஒன்று மாற்ற வேண்டும்.

ஜனவரி 23, புதன்

போர்டிங் முழுக்க 'ங்க' காய்ச்சல் பரவிவிட்டது. "சாப்டீங்களா", "தண்ணி வருதுங்களா", "ஏனுங் மிஸ்". திருநெல்வேலியில் பிறந்த பிள்ளைகள், 'ஏட்டி வாட்டி' என்று வளர்ந்ததுகள், இரண்டு நாளில் கோயம்புத்தூர் பஸ் ஏறிவிட்டன. இன்று சாப்பாட்டு ஹாலில் பெனி என் பக்கம் சாம்பார் வாளியை நீட்டி, "போதுமுங்களா மிஸ்?" என்றாள்.

எனக்குச் சிரிப்பு வந்தது என்றுதான் எல்லோரும் நினைத்திருப்பார்கள்.

ஜனவரி 27, ஞாயிறு

கொடிக்குப் பின்னால் நின்றேன். சீப்பு, எண்ணெய்க் கிண்ணம், பல்லில் கடித்த ரிப்பன், எல்லாம் தயார். பெனி வரவில்லை. சாப்பாட்டு மணியும் அடித்துவிட்டது. சலவைக்கார ராசம்மா மட்டும் வந்து, "என்ன மிஸ், யாருக்கு ஒளிஞ்சு நிக்கிய?" என்று கேட்டாள். போர்வை காய்ந்ததா என்று பார்க்கிறேன் என்றேன். வாயில் ரிப்பன் இருந்ததால் அது அவளுக்கு எப்படிக் கேட்டதோ.

ஹாலில் பார்த்தால் பெனியின் தலையில் மீன்முள் பின்னல். எட்டாம் வகுப்பில் பாதிப் பேருக்கு மீன்முள். முடியைப் பொடிப்பொடியாகப் பிரித்து, குறுக்கே குறுக்கே விட்டு, தளர்வாகத் தோளில் விழுகிற மாதிரி. சினிமாக்காரிகள் தலை மாதிரி இருந்தது. பார்க்க அழகாக இருந்தது என்று நான் சொல்ல மாட்டேன்.

கை கழுவுகிற இடத்தில் அவளைப் பிடித்தேன்.

"ஏன் வரல?"

"பூங்கொடி மிஸ்ஸே நல்லா பின்னிட்டாங்க. அவுக்கறதுக்கு மனசே வரல." கொஞ்சம் யோசித்துவிட்டுச் சேர்த்துக்கொண்டாள்: "வலிக்கவே இல்ல மிஸ்."

மிஸ். சட்டப்படி சரிதான். சுற்றிலும் பிள்ளைகள் நின்றார்கள்.

பின்னல் என்றால் கொஞ்சம் வலிக்கத்தான் செய்யும். என் அம்மா எனக்குப் பின்னினால் புருவம் இரண்டும் நெற்றிக்கு ஏறிவிடும். அப்படிப் பின்னித்தான் நான் பி.ஏ. வரை படித்தேன்.

பிப்ரவரி 3, ஞாயிறு. விசிட்டிங் நாள்

மாதத்தின் முதல் ஞாயிறு. காலை பத்து மணிக்கு கேட் திறந்தால் மாலை நான்கு வரை பெற்றோர் கூட்டம். வேப்பமரம், புங்கமரம், பாதாம் மரம் என்று ஒவ்வொரு மரத்தடியிலும் ஒரு குடும்பம் பாயை விரித்துவிடும். பிள்ளைகள் காலையிலேயே துண்டு போட்டு இடம் பிடித்து வைப்பார்கள். பிரியாணி வாசமும் அழுகையும் சேர்ந்து வரும் நாள்.

என்னைக் கேட்டால் இந்த நாளுக்காகத்தான் நான் இந்த வேலையில் இருக்கிறேன். லில்லி பிளாக் வராந்தாவில் நாற்காலி போட்டு உட்கார்ந்தால் ராணி மாதிரி. நாசரேத்திலிருந்து முந்திரிக்கொத்து, முதலூர் மஸ்கோத் அல்வா, தூத்துக்குடி மக்ரூன். எந்த வீட்டில் மருமகளுக்கும் மாமியாருக்கும் பேச்சில்லை, எந்த வீட்டில் கார் வாங்கித் தவணை கட்ட முடியாமல் திணறுகிறார்கள், எல்லாமே மக்ரூனோடு சேர்ந்தே வந்துவிடும். இன்று ஸ்ரீவைகுண்டத்து அம்மா ஒருத்தி என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க எம்பிள்ளைக்கு அம்மா மாதிரி மிஸ்" என்று கண் கலங்கினாள். ஒவ்வொரு மாதமும் யாராவது ஒருத்தி இதைச் சொல்லிவிடுவாள். எத்தனை முறை கேட்டாலும் எனக்குத் தொண்டை அடைக்கும். கொஞ்சம் மக்ரூனாலும்தான்.

மூன்று மணிவாக்கில் பார்த்தேன். பாதாம் மரத்தடியில் பெனியும் பூங்கொடியும் துண்டில் உட்கார்ந்து தாயம் ஆடுகிறார்கள். தலையை ஆட்டி ஆட்டிச் சிரிக்கிறாள் என் மகள். அந்தப் பாழாய்ப்போன மீன்முள்ளும் சேர்ந்து ஆடுகிறது. இவளுக்கு விசிட்டர் யாரும் வரவில்லை போல. யாருக்கு என்று கேட்டால், பூங்கொடிக்குத்தான் சொன்னேன்.

காலை மீட்டிங்கில் பெரிய மிஸ், அதுதான் எங்கள் தலைமை, வழக்கம்போல் அறிவித்தார்: வேறு பிளாக்கில் பிள்ளை இருக்கிற வார்டன்கள் பெர்மிஷன் போட்டால் மத்தியானம் இரண்டிலிருந்து நான்கு வரை விசிட்டராகப் போய் உட்காரலாம், அந்த நேரம் மட்டும் 'மிஸ்' சட்டம் கிடையாது. வருஷக்கணக்காகச் சொல்கிறார். போர்டிங்கில் அப்படிப் பிள்ளை வைத்திருப்பது நான் ஒருத்திதான். நான்தான் பொழுதுக்கும் பார்த்துக்கொண்டிருக்கிறேனே, இதற்கு எதற்கு விசிட்டர் வேஷம்? வராந்தாவை யார் பார்ப்பது?

பிப்ரவரி 7, வியாழன்

நெத்திலிக் கருவாடு வறுத்து டப்பாவில் அடைத்து, பெனிக்கு ரகசியமாகக் கொடுத்தனுப்பினேன். சின்னப் பிள்ளையிலிருந்து அதற்கு அவள் அடிமை. ரிப்பன் ஞாயிறு வரும் நேரத்தில் நெத்திலி எந்த பிளாக்கில் கிடைக்கும் என்று பிள்ளைக்கு நினைவிருக்க வேண்டாமா?

டப்பா மாலையே திரும்பி வந்தது. காலியாக வந்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பேன். பாதி அப்படியே இருந்தது. பூங்கொடி மிஸ் சைவமாம். அவர் பக்கத்தில் உட்கார்ந்து படிக்கும்போது கருவாடு வாசம் அடித்தால் அவருக்குக் கஷ்டமாக இருக்குமாம்.

மீதியை நானே தின்றேன். உப்பு கூடிவிட்டது.

பிப்ரவரி 13, புதன்

நான் வதந்தி பரப்புகிறவள் கிடையாது. சமையல்கார அன்னத்தாயிடம் காலையில் காபி வாங்கும்போது ஒரு சந்தேகம் கேட்டேன், அவ்வளவுதான். "புது மிஸ் இவ்வளவு தூரம் தனியா வந்து கிடக்காளே, வீட்டுக்காரர் ஒண்ணும் போனே பண்றதில்லையோ?" இது கேள்வி. கேள்வி எப்படி வதந்தியாகும்?

மாலை ஏழு மணிக்கு அன்னத்தாய் என் அறை வாசலில் வந்து நின்றாள். முகத்தில் பரிதாபம். ஒரு தம்ளர் பாயசம் வேறு.

"மனசத் தளரவிடாதிய மிஸ். ஆம்பளைங்க அப்படித்தான்."

"எந்த ஆம்பளை?"

"மஸ்கட்ல இருக்காவள்லா உங்க வீட்டுக்காரவ. அவுக போனே பண்றதில்லன்னு எல்லாரும் சொல்லுதாவ. அங்கேயே ஒண்ணு சேத்துக்கிட்டாவன்னு ஸ்டோர்கீப்பர் சொன்னா."

காலையில் டெய்சி பக்கம் எறிந்த கல் கிச்சன், சலவைக்கல், ஸ்டோர் என்று சுற்றிவந்து என் வாசலிலேயே விழுந்துவிட்டது. சந்தேகத்துக்கு உடனே மஸ்கட்டுக்குப் போன் போட்டேன். அவர் எப்போதும்போல், "சாப்டியா?" என்றார். சாப்பிட்டேன் என்றேன். "பிள்ள சாப்டுச்சா?" என்றார். அதை டெய்சி பிளாக்கில்தான் கேட்க வேண்டும்.

பாயசம் நன்றாக இருந்தது.

பிப்ரவரி 17, ஞாயிறு

இன்றும் கொடிக்குப் பின்னால் ஆள் இல்லை. டைரிக் குறிப்பு: 'அடர்ந்த பயிரில் பூச்சித் தாக்குதல் மிகுதி.'

விவசாயப் பெருமக்களே, நன்றி. வழி கிடைத்துவிட்டது.

பிப்ரவரி 19, செவ்வாய்

பெரிய மிஸ்ஸுக்கு விண்ணப்பம் எழுதிக் கொடுத்தேன். பிள்ளைகளின் நலன் கருதி. தளர்வான நவீனப் பின்னல்களால் பேன் பரவும் அபாயம் உள்ளதாலும், எந்தப் பாரபட்சமும் இன்றி எல்லோருக்கும் ஒரே சட்டம் என்பதாலும், நர்சம்மாவைக் கொண்டு இரண்டு பிளாக்கிலும் தலைச் சோதனை நடத்த வேண்டுகிறேன் என்று எழுதினேன். கையெழுத்துக்குக் கீழே ஒரு கோடும் போட்டேன். பெரிய மிஸ் இரண்டு முறை படித்துவிட்டு, "திடீர்னு என்ன வயலட்?" என்றார். பேனுக்கு நல்ல நேரம் கெட்ட நேரம் கிடையாது என்றேன்.

டெய்சியில் பேன் மட்டும் கிடைக்கட்டும். மீன்முள்ளுக்குத் தடை. ஞாயிற்றுக்கிழமை கொடிக்குப் பின்னால் கூட்டம்.

பிப்ரவரி 23, சனி

இதை எழுதாமல் விட்டுவிடலாம் என்று பார்த்தேன். ஆனால் போர்டிங்கில் எல்லோருக்கும் தெரிந்ததை டைரிக்கு மட்டும் மறைத்து என்ன பிரயோசனம்?

முதலில் டெய்சி. பிள்ளைகள் வரிசையாகத் தலையைக் குனிந்தார்கள். நர்சம்மா கண்ணாடியை மூக்கில் ஏற்றி, வெள்ளைத் துணியை விரித்து, பேன்சீப்பால் வாரி வாரிப் பார்த்தாள். ஒன்றுமில்லை. ஒரு ஈர்கூட இல்லை. பூங்கொடி வாராவாரம் சனிக்கிழமை வேப்பெண்ணெய் போட்டு, பேன்சீப்பால் வாரி, அலசிவிட்டுத்தான் ஞாயிறு எண்ணெய் வைக்கிறாளாம்.

அடுத்து லில்லி. மூன்றாவது தலையிலேயே துணியில் ஏதோ நடந்தது. பத்தாவது தலைக்குள் துணியில் ஒரு திருவிழாவே கூடிவிட்டது. எங்கள் பிள்ளைகளுக்கு நான் இழுத்து இறுக்கிப் பின்னுவதால் பேனுக்கு ஓடி ஒளியத் தோது, வாரினாலும் வராது என்று நர்சம்மா விளக்கம் வேறு கொடுத்தாள். டெய்சிப் பிள்ளைகள் வராந்தாத் தூணில் சாய்ந்து வேடிக்கை பார்த்தார்கள். பெனியும் நின்றாள். அவள் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை.

அதோடு விட்டதா? நர்சம்மா என் விண்ணப்பத்தை எடுத்து, "'எந்தப் பாரபட்சமும் இன்றி எல்லோருக்கும் ஒரே சட்டம்'னு நீங்கதான எழுதியிருக்கிய. குனிங்க வயலட் மிஸ்" என்றாள்.

குனிந்தேன்.

துணியில் மூன்று விழுந்தன. எலிவாலில் மூன்று என்றால் விகிதாச்சாரப்படி நான்தான் போர்டிங்கில் முதலிடம்.

பிப்ரவரி 24, ஞாயிறு

லில்லி பிளாக் முழுவதற்கும் சர்ச்சுக்கு விடுமுறை, வேப்பெண்ணெய்க் குளியல். எல்லாப் பிள்ளைகளுக்கும் நான் வாரிவிட்டேன். எனக்கு வார யாருமில்லை. கண்ணாடியைப் பார்த்துத் தன் பிடரியைத் தானே வார முயன்றவர்களுக்குத்தான் அந்த வேதனை தெரியும். அப்போது பூங்கொடி கையில் பேன்சீப்போடு வந்து நின்றாள்.

"உக்காருங்க்கா."

வேண்டாம் என்று சொல்ல வாயைத் திறப்பதற்குள் தோளை அழுத்திப் படியில் உட்கார வைத்துவிட்டாள். தன் அருமையான முடியைக் கொண்டையாகச் சுருட்டித் துணியால் கட்டியிருந்தாள், என் சேனை அவள் பக்கம் படையெடுக்காமலிருக்க. எண்ணெயைக் கையில் தேய்த்து, நெற்றியிலிருந்து பிடரிவரை மெல்ல மெல்லக் கொண்டுபோனாள். ஒரு சிக்கு வந்தால் இழுக்காமல் அடிமுடியைப் பிடித்துக்கொண்டு நுனியிலிருந்து எடுத்தாள். வலிக்கவே இல்லை. உண்மையைச் சொன்னால், பாதியில் தூங்கிவிட்டேன். என் வாயிலிருந்து எச்சில் வழிந்ததாக ஒன்பதாம் வகுப்பு சுனந்தா பின்னால் சாட்சி சொன்னாள்.

விழித்தபோது பூங்கொடி தன்பாட்டில் பேசிக்கொண்டிருந்தாள். அவளுக்கும் ஒரு மகள், ஏழு வயது, கோபியில் அம்மாவிடம் வளர்கிறாளாம். மாதத்துக்கு ஒரு நாள் லீவ் கிடைத்தால் போய்ப் பார்த்துவிட்டு வருகிறாளாம். வீட்டுக்காரர் ஈரோட்டில் லாரி ஓட்டுகிறாராம், தினமும் போன் உண்டாம். இந்தக் கடைசித் தகவலைச் சற்று அழுத்திச் சொன்ன மாதிரி எனக்குப் பட்டது. அன்னத்தாய் அங்கேயும் பாயசம் கொண்டுபோயிருப்பாள்.

"விசிட்டிங் அன்னிக்கு நான் பெனிகூட உக்காந்தது உங்களுக்குச் சங்கடமா இருந்துச்சுங்களாக்கா?"

சேச்சே, எனக்கென்ன சங்கடம் என்றேன்.

"இல்லீங்க்கா, அவ காலைலயே பாதாம் மரத்தடியில துண்டு போட்டு எடம் பிடிச்சா. ரெண்டு பேருக்கு எடம். யாருக்குன்னு கேட்டேன், சொல்லலீங்க. ரெண்டரை மணி தாண்டியும் அந்த எடம் காலியாவே கெடந்துச்சு. அதான் நான் போய் உக்காந்துட்டேன்."

பேன்சீப்பைத் தட்டினாள். துணியில் ஒன்று விழுந்தது. பெரியது.

இன்றைய டைரிக் குறிப்பு தென்னைக்கு உப்பு வைப்பதைப் பற்றியது. அதில் எனக்கு ஆர்வமில்லை.

மார்ச் 3, ஞாயிறு. விசிட்டிங் நாள்

போகலாம் என்றுதான் இருந்தேன். பெர்மிஷன்கூடப் போட்டேன். முதல்முறை. பெரிய மிஸ் உடனே கையெழுத்துப் போட்டார்.

இரண்டு மணிக்குக் கிளம்பும்போது ரூபாவதியின் அப்பா, உரக்கடைக்காரர், அல்வாவோடு வந்தார். டைரி கொடுத்த மனிதரிடம் முகம் கொடுக்காமல் எப்படிப் போவது? அவர் தம்பி மனைவியோடு பாகப்பிரிவினைச் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார், அது சுவாரசியமான கட்டத்தில் இருந்தது. நடுவில் சுனந்தாவின் பாட்டிக்குத் தலை சுற்றியது. அவருக்கு விசிறி, சோடா. பின்னே ஒரு பிள்ளை போகாதே அம்மா என்று தாயின் சேலையைப் பிடித்துக்கொண்டு அழுதது. அதை நான்தான் சமாதானம் செய்ய வேண்டியிருந்தது, என் மடியில் போட்டு, நான் இருக்கேன்லா என்று.

பாதாம் மரத்தடிக்குப் போனபோது நான்கு மணிக்கான மணி அடித்துக்கொண்டிருந்தது. பெனி துண்டை உதறி மடித்துக்கொண்டிருந்தாள்.

"அல்வா கொண்டுவந்தேன்" என்றேன்.

"மணி அடிச்சிட்டு மிஸ்" என்றாள்.

இன்று பூங்கொடி கோபிக்குப் போயிருந்தாள்.

மார்ச் 9, சனி

கட்டிலுக்குக் கால் மாற்றியாயிற்று. தச்சருக்கு அல்வாவைக் கொடுத்துவிட்டேன். சன்னலுக்கு நீலத் திரை. எனக்கென்ன கவலை? எந்தப் பிள்ளையாவது சொந்த அம்மாவை விட்டுவிட்டு மீன்முள்ளுக்காகப் போகுமா? சமையலறையில் அன்னத்தாய் பந்தயம் கட்டுகிறாளாம், டெய்சிப் பக்கம். அவளுக்கு நாளைக்கு இருக்கிறது.

மார்ச் 10, ரிப்பன் ஞாயிறு

ஜெப மண்டபத்தில் ஒரு தாம்பாளத்தில் நீல ரிப்பன், ஒன்றில் பச்சை. எட்டாம் வகுப்புப் பிள்ளை பெயர் கூப்பிட்டதும் வர வேண்டும், பிடித்த ரிப்பனை எடுத்து அந்த வார்டனிடம் கொடுக்க வேண்டும், வார்டன் தலையில் கட்டிவிடுவாள், எல்லோரும் கைதட்டுவார்கள். கல்யாணம் மாதிரிதான், பெண்தான் தாலியை எடுக்கிறாள். நான் நல்ல சேலை கட்டியிருந்தேன், மயில் கழுத்து நீலம். பிளாக் நிறம்.

"பெனிட்டா ஜெயசிங்."

நேராகத்தான் வந்தாள். நீலத் தாம்பாளத்தின் மேல் அவள் கை வந்தது. நான் பார்த்தேன், பொய் இல்லை, ஒரு கணம் அங்கேயே நின்றது. பிறகு என்னை ஒருமுறை பார்த்துவிட்டுப் பச்சையை எடுத்தாள்.

பூங்கொடிக்கே அதிர்ச்சி. ரிப்பனைக் கோணலாகக் கட்டி, அவிழ்த்து மறுபடி கட்டினாள். நான் கைதட்டினேன். எல்லோரையும்விடச் சத்தமாகத் தட்டினேன். நிறுத்த வேண்டும் என்று தோன்றவில்லை. பெரிய மிஸ் என் முழங்கையைத் தொட்ட பிறகுதான் நான் மட்டும் தட்டிக்கொண்டிருக்கிறேன் என்று தெரிந்தது.

மார்ச் 11, திங்கள்

பால் ஒன்பது லிட்டர். தயிருக்கு ஒன்று.

மார்ச் 13, புதன்

கொடியில் போர்வை எடுக்கப் போனேன். நிஜமாகவே போர்வை எடுக்கத்தான். போர்வைகளுக்குப் பின்னால் பெனி நின்றாள். ஞாயிற்றுக்கிழமை இல்லை, சீப்பும் இல்லை.

ஒன்றும் பேசக் கூடாது என்று மூன்று நாளாக எடுத்திருந்த முடிவு மூன்று நொடிகூட நிற்கவில்லை. என்னென்ன சொன்னேன் என்று முழுதாக எழுதப் போவதில்லை. பெற்ற வயிறு, பத்து மாதம், நெத்திலி, கட்டில் கால் எல்லாம் வந்தது. கடைசியில், "அப்படி என்னட்டி செஞ்சா அவ? நாலு முடியப் பிரிச்சுப் போட்டுப் பின்னத் தெரிஞ்சா அம்மாவா?" என்றேன்.

அவள் போர்வையின் ஓரத்தை விரலில் சுற்றிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள். அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. அவள் அப்பா மாதிரி. எல்லாம் முடிந்த பிறகுதான் வாயைத் திறப்பாள்.

"லில்லிக்கு வந்தா நீ எனக்கு வார்டன். வார்டன் சொந்த பிளாக்குக்கு விசிட்டரா வர முடியாது. பெரிய மிஸ்கிட்ட கேட்டுட்டேன்."

"நான் பக்கத்து ரூம்ல இருக்கும்போது விசிட்டர் எதுக்குட்டி உனக்கு?"

"லில்லில எல்லாப் பிள்ளைக்கும் நீ அம்மா மாதிரி. எல்லாரும் அப்படித்தான் சொல்லுதாங்க." போர்வையை விரலிலிருந்து அவிழ்த்தாள். "எனக்கு அம்மா மாதிரி வேண்டாம்."

ராசம்மா கூடையோடு வருகிற சத்தம் கேட்டது. பெனி போர்வைக்குள் நுழைந்து அந்தப் பக்கம் போய்விட்டாள். போகும்போது, "பூங்கொடி மிஸ் பின்னினா வலிக்காது, அதும் ஒரு காரணம்தான்" என்றாள். பொய் சொல்லத் தெரியாத பிள்ளை. அது யார் மாதிரி என்று தெரியவில்லை, நிச்சயமாக நான் இல்லை.

ராசம்மா என்னைப் பார்த்துவிட்டு, "கண்ணுல என்ன மிஸ், சோப்புத் தண்ணியா?" என்றாள். ஆமாம் என்றேன்.

ஏப்ரல் 7, ஞாயிறு. விசிட்டிங் நாள்

காலை ஒன்பதே முக்காலுக்கு லில்லி வராந்தாவிலிருந்த நாற்காலியை எடுத்து உள்ளே போட்டேன். பெரிய மிஸ்ஸே இன்றைக்கு அங்கே நிற்பதாகச் சொல்லிவிட்டார். உரக்கடைக்காரர் இரண்டு மணிக்கு என்னைத் தேடினாராம். பாகப்பிரிவினை என்ன ஆயிற்று என்று தெரியாமல் எனக்கு இன்று தூக்கம் வராது. அது வேறு விஷயம்.

இரண்டு மணிக்கு டெய்சி பிளாக் வாசலில், தூக்குச் சட்டியோடு, செங்கோட்டையிலிருந்து வந்த ஒரு குடும்பத்துக்குப் பின்னால் வரிசையில் நின்றேன். பூங்கொடி மேசை போட்டு விசிட்டர் பேரை எழுதிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கப் போனவள், பிறகு என்ன நினைத்தாளோ, உட்கார்ந்தே கேட்டாள்.

"யாரைப் பாக்கணுமுங்க?"

"பெனிட்டா ஜெயசிங். எட்டாம் வகுப்பு."

"என்ன உறவுங்க?"

எனக்குத் தெரியும், அவள் வேண்டுமென்றே கேட்கிறாள். அதற்காக அவளை இன்னும் ஒரு மாதம் பிடிக்காமல் வைத்திருக்கலாம் என்று முடிவு செய்தேன்.

"அம்மா" என்றேன்.

பாதாம் மரத்தடியில் துண்டு விரித்திருந்தது. ஓரத்தைச் செருப்பால் அழுத்தி வைத்திருந்தாள், காற்றில் பறக்காமல். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்று, மைதானம் முழுக்கக் கேட்கும்படி, "எம்மா, இங்கன!" என்று கூப்பிட்டாள். மரத்தடி மரத்தடியாக ஆட்கள் திரும்பிப் பார்த்தார்கள். காம்பவுண்டுக்குள் அந்தச் சொல்லை இப்படி எல்லோர் முன்னாலும் கேட்டு மூன்று வருஷம். நான் கையை அசைத்த வேகத்தில் தூக்குச் சட்டி மூடி கழன்று நெத்திலி கொஞ்சம் கீழே சிந்திவிட்டது. காக்கைக்கு இன்று விசிட்டிங் நாள்.

சாப்பிட்டாள். உப்பு அதிகம் என்றாள். பிறகு முதுகைக் காட்டி உட்கார்ந்து, சீப்பைத் தோளுக்கு மேல் நீட்டினாள். மீன்முள் எனக்கு வராது, தெரிந்ததைத்தான் பின்னுவேன் என்றேன். சரி என்றாள். இழுக்காமல் பின்னினேன். அடிமுடியைப் பிடித்துக்கொண்டு நுனியிலிருந்து சிக்கெடுத்தேன், எங்கே கற்றேன் என்று இந்த டைரிக்குத் தெரியும். ஆனாலும் பழக்கம் விடுமா? யாரோ வந்துவிடுவார்கள், மணி அடித்துவிடும் என்கிற அவசரத்தில் கை தன்னாலே ஓடியது. இரண்டு சடையும் மடித்து, பச்சை ரிப்பனைக் குஞ்சம் வைத்துக் கட்டி முடித்தேன். நன்றாகத்தான் வந்தது.

"முடிஞ்சுது" என்றேன்.

பெனி தலையைத் தடவிப் பார்த்தாள். திரும்பி சர்ச் கடிகாரத்தைப் பார்த்தாள். பிறகு இரண்டு ரிப்பனையும் உருவி, சடையை உதறி அவிழ்த்துவிட்டாள்.

"நாலு மணிக்கு இன்னும் நேரம் கெடக்கும்மா. முதல்லேருந்து பின்னு."